தாடை அறுவை படிக்கும் பி.ஜி.க்கள் (முதுநிலை மாணவர்கள்): பிளானை வேறு யாரோ கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தால் நாம் எப்போது கற்பது?

மூன்றாமாண்டு_பிஜி

வணக்கம். எம்.டி.எஸ். ஓரல் அண்ட் மேக்ஸிலோஃபேஷியல் சர்ஜரி (வாய், தாடை, முக அறுவை) மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். போன வாரம் ஓ.டி.யில் (ஆபரேஷன் தியேட்டரில்) நடந்தது மனதை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முன்பல் சேராத ஓபன் பைட் கேஸ். மேல்தாடையைப் பல்வரிசைக்கு மேலே படுக்கையாக லெ ஃபோர்ட் 1 வெட்டாக வெட்டி, பின்பக்கம் 4 மி.மீ. மேலே ஏற்றி, முன்னால் 3 மி.மீ. நகர்த்த வேண்டும். நான் ஃபர்ஸ்ட் அசிஸ்ட். கை கழுவும்போது சார் சாதாரணமாகக் கேட்டார், "பின்னால் 4 மி.மீ. ஏற்றப் போகிறோமே, எந்த இடத்து எலும்பு தடுக்கும்? எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்?" எனக்குப் பதில் வரவில்லை. அந்த பிளானை நான் போடவில்லை. சி.டி.யையும் பல் ஸ்கேனையும் அப்லோட் செய்தது நான், ஆன்லைன் மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தது நான், கூரியரில் வந்த ஸ்பிளின்ட் (வெட்டிய தாடையைத் திட்டமிட்ட இடத்தில் நிறுத்தப் பல்லில் பொருத்தும் அச்சு) பெட்டியைப் பிரித்ததும் நான். எலும்பை நகர்த்தியவர் மட்டும் ஓர் என்ஜினியர். திரையில் அழகாக நகர்ந்தது, எல்லோரும் தலையாட்டினோம்.

எனக்கு ஐந்தாறு வருடம் முந்தைய சீனியர்கள் எல்லோரும் நோயாளியின் பல்வரிசையைப் பிளாஸ்டரில் வார்த்த மாடலை ரம்பத்தால் அறுத்துப் பழகியவர்கள். எங்கள் பேட்ச்சில் அது கிட்டத்தட்ட நின்றுவிட்டது. கருவிகள் மீது எனக்குக் குறையில்லை, அவற்றை வைத்தே கற்க வேண்டும் என்றுதான் ஆசை. நீங்கள் உண்மையிலேயே கற்றுக்கொள்ள எதைப் பயன்படுத்துகிறீர்கள்? எப்படி?

---

பிளாஸ்டர்_வாசம்

தம்பி, பதில் தெரியவில்லை என்பதைவிட அந்தக் கேள்வி உன்னைத் தூங்கவிடவில்லை என்பது பெரிய விஷயம். முதலில் அந்தக் கேள்விக்கே வருகிறேன். பின்பக்கம் ஏற்றும்போது தடுப்பது மேல்தாடையின் டியூபராசிட்டிக்குப் (பின்கோடி எலும்பு மேடு) பின்னால் டெரிகாய்டு தட்டுகள் (மண்டையோட்டின் அடியிலிருந்து இறங்கும் எலும்புத் தகடுகள்) சேரும் இடம், அண்ணத்துக்கு இறங்கும் டிசென்டிங் பலட்டைன் ரத்தக்குழாயைச் சுற்றியுள்ள எலும்பு, மூக்கின் பக்கச்சுவரின் பின்பகுதி. அங்கே போதுமான அளவு எடுக்காமல் ஸ்பிளின்ட்டில் பல்லைக் கட்டிவிட்டு மேலே தள்ளினால், பின்னால் முட்டுக் கொடுத்து கீழ்த்தாடை மூட்டுக் குமிழ் குழியை விட்டுக் கீழே இறங்கிவிடும். மேஜையில் எல்லாம் பொருந்தின மாதிரி இருக்கும். பிளேட் போட்டு, மேல் கீழ்ப் பற்களைச் சேர்த்துக் கட்டிய ஐ.எம்.எஃப். கம்பியை அவிழ்த்ததும் குமிழ் தன் இடத்துக்குத் திரும்பும், முன்பல் மறுபடி திறந்துகொள்ளும். எதைச் சரிசெய்ய வந்தோமோ அதுவே திரும்ப நம்மைப் பார்க்கும்.

இனி பிளாஸ்டர் கதை. நான் பி.ஜி. படித்தபோது ஒரு இரட்டைத் தாடை கேஸ் என்றால் முந்தின இரவு முழுக்க லேபில்தான். ஃபேஸ்போ (முகத்தில் மேல்தாடை இருக்கும் நிலையைப் பதியும் கருவி) எடுத்து, தாடை அசைவைப் போலச் செய்யும் ஆர்டிகுலேட்டரில் மாடலை ஏற்றி, மாடல் மீது பென்சிலில் செங்குத்துக் கோடும் படுக்கைக் கோடும் இழுத்து அளந்து குறித்து, அறுத்து, மெழுகில் நிறுத்தி, மறுபடி அளந்து, அப்புறம் அக்ரிலிக்கில் இடைநிலை ஸ்பிளின்ட், கடைசி ஸ்பிளின்ட். பின்பக்கம் 4 மி.மீ. ஏற்ற வேண்டுமானால் பிளாஸ்டரை அங்கே 4 மி.மீ. சுரண்டினால்தான் உட்காரும். கையே அந்தப் பதிலைச் சொல்லிக்கொடுத்துவிடும். உன் கேள்விக்கு விடை அங்கேதான் இருந்தது.

அதற்காகப் பிளாஸ்டர் காலம் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். ஃபேஸ்போவில் ஒரு தவறு, ஏற்றுவதில் ஒரு தவறு, அளப்பதில் ஒரு தவறு என்று ஒவ்வொன்றும் சேர்ந்துகொண்டே போகும். ஃபேஸ்போ மேல்தாடையின் சாய்வை முகத்தில் இருப்பதுபோல் அப்படியே கொண்டுவருவதில்லை. முகம் கோணலான கேஸில், தாடை மேலிருந்து பார்த்தால் வலமோ இடமோ திரும்பியிருக்குமே, அந்த யாவ், அது பக்கவாட்டு எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது. கம்ப்யூட்டர் பிளானிங் அந்த இடத்தில் செய்த உதவி மிகப் பெரிது.

எங்கள் யூனிட்டில் இப்போது ஒரே ஒரு விதி. ஆன்லைன் மீட்டிங்குக்கு இரண்டு நாள் முன்னால் பி.ஜி. ஒரு தாளில் தன் பிளானை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். உதடு தளர்வாக இருக்கும்போது மேல் முன்பல் எத்தனை மி.மீ. தெரிகிறது, சிரிக்கும்போது எவ்வளவு, நடுக்கோடு எந்தப் பக்கம், கேன்ட் (பல்வரிசை ஒரு பக்கம் மேலேறிய சாய்வு) இருக்கிறதா, முன்பல்லை எங்கே வைக்கப் போகிறாய், அதிலிருந்து மற்றது எல்லாம். எண்கள் வேண்டும். "கொஞ்சம் முன்னால்" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். தவறாக எழுதலாம், எழுதாமல் வரக்கூடாது.

---

ஸ்லைசர்_பழகுநர்

நான் இரண்டாம் ஆண்டு. அண்ணா, உங்களுக்கு நடந்தது அப்படியே எனக்கும் நடந்தது. அதற்குப் பிறகு நான் செய்தது, 3டி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருளை லேப்டாப்பில் இறக்கி, யூனிட்டுக்கு வரும் ஒவ்வொரு கேஸையும் நானே தனியாகப் போட்டுப் பார்ப்பது. யாரும் கேட்கவில்லை, மதிப்பெண்ணும் இல்லை.

முதல் கேஸுக்கு இரண்டு வாரம் ஆனது. சி.டி. ஸ்லைஸ் 1 மி.மீ.க்கு மேல் தடிமனாக எடுத்திருந்தால் ஒன்றும் சரியாக வராது, அதை ரேடியாலஜியில் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதையே அப்போதுதான் கற்றேன். எலும்பைப் பிரித்தெடுக்க த்ரெஷோல்டு (படத்தில் எந்த அளவு வெளுப்புக்கு மேல் எலும்பு என்ற எல்லை எண்) வைத்தால் சைனஸின் முன்சுவரில் பெரிய ஓட்டை தெரிந்தது. நோயாளிக்கு எலும்பே இல்லை என்று பயந்துவிட்டேன். அந்தச் சுவர் அவ்வளவு மெல்லியது, அதனால் கணக்கில் விழாமல் போகிறது என்று மேடம் சொன்ன பிறகுதான் புரிந்தது. லெ ஃபோர்ட் வெட்டில் பிளேட்டை ஏன் மூக்கோரத் தூணிலும் கன்ன எலும்புத் தூணிலும் மட்டும் வைக்கிறோம் என்பது அந்த ஓட்டையைப் பார்த்தபோதுதான் எனக்குள் இறங்கியது. வகுப்பில் நான்கு முறை கேட்டிருக்கிறேன், இறங்கவில்லை.

பல்லில் கம்பி மாட்டும் உலோக பிராக்கெட் இருப்பதால் சி.டி.யில் பல் எல்லாம் நட்சத்திரம் வெடித்த மாதிரி சிதறித் தெரியும். அந்தப் பல்லை நம்பி ஸ்பிளின்ட் செய்யவே முடியாது. வாய்க்குள் எடுத்த ஸ்கேனையோ பிளாஸ்டர் மாடலின் ஸ்கேனையோ கொண்டுவந்து மேலே பொருத்த வேண்டும். பொருத்துவதில் அரை மி.மீ. தவறினால் ஸ்பிளின்ட்டும் அரை மி.மீ. தவறும். இதைக் கையால் செய்யாதவர்கள் ஸ்பிளின்ட் உட்காராதபோது காரணமே தெரியாமல் அழுத்துவார்கள்.

இப்போது ஸ்லைசருக்குள்ளேயே டென்டல்செக்மென்டேட்டர் என்ற துணைக் கருவி இருக்கிறது. மேல்தாடை, கீழ்த்தாடை, பற்கள், நரம்புக் குழாய் எல்லாவற்றையும் தானாகப் பிரித்துக் கொடுக்கும். என் வேண்டுகோள், முதல் ஐந்து கேஸுக்கு அதைத் தொடாதீர்கள். கீழ்த்தாடை நரம்புக் குழாயை ஒவ்வொரு ஸ்லைஸாகக் கையால் குறித்துப் பாருங்கள். இரண்டாம் கடைவாய்ப் பல் அருகே குழாய்க்கும் வெளிப்பக்க எலும்புக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று அளந்து பாருங்கள். சில பேருக்கு ஒட்டியே போகிறது. சாஜிட்டல் ஸ்பிளிட்டில் (கீழ்த்தாடையின் பின்பகுதியை நீளவாக்கில் உள், வெளித் துண்டாகப் பிளக்கும் வெட்டு) ரம்பம் எவ்வளவு ஆழம் போகலாம் என்பது அந்த நோயாளியின் எண்ணாக மனதில் பதியும்.

---

மூன்றாமாண்டு_பிஜி

ரொம்ப நன்றி சார், நன்றி தம்பி. சார் சொன்ன விளக்கத்தைப் படித்துவிட்டு அந்த கேஸின் சி.டி.யை மறுபடி திறந்து டெரிகாய்டு பக்கம் பார்த்தேன். சந்தேகம் ஒன்று. எங்களிடம் ஸ்பைரல் சி.டி. (வழக்கமான மருத்துவமனை சி.டி.) எல்லோருக்கும் எடுக்க முடியாது, பல், தாடைக்கு எடுக்கும் கூம்புக் கதிர் சி.டி.யான சி.பி.சி.டி.தான். அதில் த்ரெஷோல்டு ஒவ்வொரு முறையும் வேறு எண்ணில் நிற்கிறதே?

---

ஸ்லைசர்_பழகுநர்

ஆமாம் அண்ணா, சி.பி.சி.டி.யின் சாம்பல் அளவு உண்மையான ஹவுன்ஸ்ஃபீல்டு எண் (சி.டி.யில் அடர்த்தியைக் காட்டும் நிலையான அளவு) இல்லை. மெஷினுக்கு மெஷின் மாறும், ஒரே படத்திலேயே இடத்துக்கு இடம் மாறும். ஒரு எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம், கண்ணால் பார்த்து நகர்த்துங்கள். அப்புறம் அந்தப் படத்தில் மூட்டுக் குமிழ் இரண்டும் முழுசாக விழுந்திருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். சின்னப் பரப்பை மட்டும் படம் எடுத்து குமிழ் வெட்டுப்பட்டிருந்தால் பிளானிங்குக்கு உதவாது.

---

கடி_பார்ப்பவள்

ஆர்த்தோடான்டிஸ்ட் (பல் சீரமைப்பு மருத்துவர்) பேசுகிறேன். மேலே குமிழைப் பற்றி வந்ததால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

கம்ப்யூட்டர் பிளான் முழுவதும் ஒரே ஒரு நம்பிக்கையில் நிற்கிறது. ஸ்கேன் எடுத்த நொடியில் நோயாளியின் கீழ்த்தாடைக் குமிழ் குழியில் சரியாக உட்கார்ந்திருந்தது என்பதே அந்த நம்பிக்கை. அது சரியில்லை என்றால் அதற்குப் பிறகு திரையில் நடக்கும் எல்லாமே துல்லியமான தவறு. சென்டர் பேர் வேண்டாம், நான் முன்பு வேலை செய்த இடத்தில் ஒரு கேஸ். கீழ்த்தாடை பின்தங்கிய பெண், பல வருடமாகத் தாடையை முன்னால் தள்ளிக் கடித்துப் பழகியவர். ஸ்கேன் எடுக்கும்போதும் அப்படியே கடித்துவிட்டார். குமிழ் சரியாக உட்கார்ந்த நிலையில் பதித்த மெழுகுக் கடியை வாயில் வைத்து அனுப்ப வேண்டியது நாங்கள், அனுப்பவில்லை. மென்பொருளுக்கு அது எப்படித் தெரியும்? பிளானில் 4 மி.மீ. முன்னால் என்று வந்தது. மயக்கம் கொடுத்துத் தசை தளர்ந்ததும் தாடை தன் இடத்துக்குப் போய்விட்டது, எண்கள் எதுவும் ஒத்துவரவில்லை. அன்று ஓ.டி.யில் நின்ற எல்லோருக்கும் வியர்த்தது. நல்லவேளை, சர்ஜன் அனுபவசாலி, ஸ்பிளின்ட்டை ஓரம் வைத்துவிட்டு அங்கேயே யோசித்து முடித்தார். புதியவர் ஒருவர் ஸ்பிளின்ட்டை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன்.

அதனால் பி.ஜி. தம்பிகளும் தங்கைகளும் ஸ்கேனுக்கு முன் எங்கள் கிளினிக்குக்கு வாருங்கள். அந்தக் கடியை நீங்களே எடுங்கள். தாடையைப் பிடித்து மெதுவாக ஆட்டித் தசையை ஏமாற்றி உட்கார வைப்பது கைப்பழக்கம், எந்த மென்பொருளும் சொல்லித் தராது. தலை இயல்பாக நிமிர்ந்து நிற்கும் நிலையையும் நீங்களே பதிவு செய்யுங்கள். சி.டி. மேஜையில் படுத்த தலையை வைத்து கேன்ட் அளந்தால் இல்லாத கோணல் தெரியும், இருக்கும் கோணல் மறையும்.

இன்னொன்று. முகம் எப்படி மாறும் என்று மென்பொருள் காட்டும் படத்தை நோயாளியிடம் காட்டும்போது கவனம். எலும்புக் கணக்கு நன்றாக வருகிறது, உதடு அவ்வளவு நம்பிக்கையாக வருவதில்லை, மேலுதடு இன்னும் மோசம். கல்யாணம் நிச்சயம் ஆவதற்கு முன் அறுவை முடிக்க வேண்டும் என்று வரும் பிள்ளைகள் அந்தப் படத்தை மொபைலில் வைத்துக்கொண்டு தினமும் பார்ப்பார்கள். அந்தப் படம் ஒரு வாக்குறுதி ஆகிவிடும்.

---

கேஸ்_எண்ணிக்கை

மேடம் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் எனக்கு வேறு கருத்து. மூன்று வருடத்தில் ஒரு பி.ஜி.க்கு எத்தனை தாடைச் சீரமைப்பு கேஸ் கிடைக்கிறது? பல கல்லூரிகளில் விபத்து எலும்பு முறிவும் கடைவாய்ப் பல்லும்தான் அதிகம். ஓ.பி., வார்டு, நைட் ட்யூட்டி, தீசிஸ். இதற்கு நடுவில் ஸ்லைஸ் ஸ்லைஸாக நரம்பைக் குறித்துக்கொண்டிரு என்றால் நேரம் எங்கே? வீடு கட்டும் கொத்தனார் செங்கல்லைத் தானே சுடுவதில்லையே. பிளான் போட அதற்கென்று படித்தவர் இருக்கிறார். நாம் கையில் ரம்பம் பிடிக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும்.

---

பிளாஸ்டர்_வாசம்

டாக்டர், நேரம் பற்றி நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் உங்கள் கொத்தனாரையே எடுத்துக்கொள்கிறேன். அவர் செங்கல் சுட வேண்டாம். நூல் பிடிக்கத் தெரிய வேண்டும், தூக்குக் குண்டு விட்டுப் பார்க்கத் தெரிய வேண்டும். வேறொருவர் நூல் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனாலும், சுவர் சாய்கிறது என்று அவர் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். பல்லில் ஸ்பிளின்ட் சரியாக உட்கார்ந்தும் முகத்தில் நடுக்கோடு தள்ளித் தெரிந்தால் அந்த நிமிடத்தில் மீட்டிங்கில் இருந்த என்ஜினியர் பக்கத்தில் இருக்க மாட்டார். எல்லா கேஸையும் தானே போடு என்று நான் சொல்லவில்லை, மூன்று வருடத்தில் பத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை போட்டால் போதும்.

---

உளி_சத்தம்

கைப்பழக்கம் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை, நான் பேசுகிறேன், கொஞ்சம் நீளும்.

1901-இல் ரெனே லெ ஃபோர்ட் முக எலும்பு எந்தக் கோட்டில் உடைகிறது என்று கண்டுபிடித்தது பிணத் தலைகளை அடித்து உடைத்துப் பார்த்துத்தான். அந்தக் கோட்டில்தான் இன்று நாம் வேண்டுமென்றே வெட்டுகிறோம். கீழ்த்தாடையைப் பிளக்கும் சாஜிட்டல் ஸ்பிளிட்டை ட்ரவுனரும் ஓப்வெகெசரும் 1957-இல் ஆங்கிலத்தில் எழுதினார்கள், 1961-இல் டால் பான்ட் வெளிப்பக்க வெட்டை முன்னால் கொண்டுவந்தார், 1968-இல் ஹன்சக் உள்பக்க வெட்டைச் சுருக்கினார். ஒவ்வொரு மாற்றமும் எலும்பு எங்கே ஒழுங்காகப் பிளக்க மறுத்தது என்பதைக் கையில் உணர்ந்தவர்கள் செய்தது. அந்த உணர்வைத் திரையில் எப்படிக் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

வி.ஆர். (மெய்நிகர் காட்சி) கண்ணாடி பற்றி நம்பிக்கையோடு பேசுபவர்கள் உண்டு. புலிஜாலா குழுவினர் லெ ஃபோர்ட் 1 அறுவையை ஓக்குலஸ் கண்ணாடியில் கொண்டுவந்து இந்தியாவிலேயே 95 பி.ஜி.க்களிடம் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். கண்ணாடியில் பார்த்தவர்களுக்குத் தன்னம்பிக்கை கூடியது, அதிலும் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அதிகம். நல்ல வேலை, எனக்கு மகிழ்ச்சி. ஆனால் பிரதானமாக அளந்தது தன்னம்பிக்கையை என்பதை மறக்கக்கூடாது. முதலாண்டில் எந்த வெட்டுக்குப் பின் எந்த வெட்டு, எந்தக் கையில் எந்தக் கருவி என்ற வரிசை தலையில் ஏறுவதற்கு அது அருமை. டெரிகாய்டு உளியை வைத்துச் சுத்தியலால் தட்டும்போது விரல் உள்ளே அண்ணத்துப் பக்கம் வைத்திருப்போமே, உளி முனை வந்து விரலில் தொடும் அந்த உணர்வும், எலும்பைத் தாண்டியதும் சத்தம் மாறுவதும் அதில் இல்லை.

நாங்கள் செய்வது இதுதான். சனிக்கிழமை காலை கறிக்கடையில் ஆட்டுத் தலை வாங்கி வருவோம். ஆட்டின் தாடை மனிதத் தாடை மாதிரி இல்லை, நீளம், பல் எல்லாம் வேறு. ஆனாலும் வெளி எலும்பு, உள்ளே பஞ்சு எலும்பு, நடுவில் நிஜமான நரம்பு. ரம்பம் கெட்டி எலும்பைத் தாண்டிப் பஞ்சுக்குள் விழும் அந்தத் தளர்வை அதில் உணரலாம். பிளவை விரிக்கும் ஸ்பிரெடரை வைத்துத் திருகும்போது அவசரப்பட்டால் கீழ் விளிம்பு பிளக்காமல் வெளித்தட்டு மட்டும் உடைந்து கையோடு வரும். அந்த பேட் ஸ்பிளிட்டை ஆட்டில் பார்த்துவிடுவது எவ்வளவு நல்லது.

அதே வாரம் 3டி பிரிண்டரில் அச்சடித்த மாடலிலும் வெட்டுவோம். வீட்டு உபயோக பிரிண்டரில் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் இழையில் அடித்தால் பார்க்கத்தான் நன்றாக இருக்கும். ரம்பத்தின் சூட்டில் உருகி பிளேடில் ஒட்டிக்கொள்ளும், அது 60 டிகிரி அருகிலேயே இளகிவிடும் பொருள். தண்ணீர் ஊற்றிக்கொண்டே மெதுவாக வெட்டினால் ஓரளவு முடியும். ரெசின் பிரிண்டரில் அடித்தால் தூளாக வெட்டும், எலும்புக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். ஆனால் கழுவாத ரெசினை வெறும் கையால் தொடாதீர்கள், அந்தத் தூளை மாஸ்க் இல்லாமல் சுவாசிக்காதீர்கள்.

எங்கள் யூனிட்டில் ஒரு பி.ஜி. பெண் யோசித்தது இது. நிஜ நோயாளியின் கீழ்த்தாடையை நரம்புக் குழாயோடு அச்சடித்து, அந்தக் குழாய்க்குள் மெல்லிய தாமிரக் கம்பியை விட்டு, பேட்டரியும் பஸ்ஸரும் இணைத்து, ரம்பத்தின் பிளேடில் இன்னொரு முனையைக் கட்டிவிட்டாள். பிளேடு கம்பியைத் தொட்டால் பஸ்ஸர் கத்தும். மொத்தச் செலவு சில நூறு ரூபாய். பிளான் போட்ட அதே தாடை, வெட்டும் அதே தாடை, மறுநாள் நோயாளியிடம் வெட்டப்போவதும் அதே தாடை. எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பாடம் இல்லை.

---

கோப்பு_காவல்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், இது அவசரம். இந்த இழையைப் படித்துவிட்டு யாராவது பழகுவதற்கு கேஸ் அனுப்புங்கள் என்று வாட்ஸ்அப்பில் கேட்கப் போகிறீர்கள். ஸ்கேன் படம் வரும் டைகாம் கோப்புக்குள் நோயாளியின் பெயர், பிறந்த தேதி, எண் எல்லாம் இருக்கிறது, கோப்பின் பெயரை மாற்றினால் அது போகாது. அனானிமைஸ் செய்த (அந்த விவரங்களை நீக்கிய) பிறகும் தோல் அளவுக்கு த்ரெஷோல்டை இறக்கினால் முகம் அப்படியே எழுந்து வரும், ஊர்க்காரர் பார்த்தால் அடையாளம் சொல்லிவிடுவார். 2023-இல் தனிநபர் தரவுச் சட்டமும் வந்துவிட்டது. நோயாளியிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், துறையின் கம்ப்யூட்டரிலேயே பழகுங்கள். எலும்பு, பல் மட்டும் எஸ்.டி.எல். (3டி வடிவக்) கோப்பாகப் பிரித்து வைத்துக்கொண்டால் முகம் வெளியே போகாது.

---

கேஸ்_எண்ணிக்கை

நூல் பிடிப்பது பற்றிய பதிலை இரண்டு நாள் யோசித்தேன் சார். பத்து கேஸ் என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை லாக்புக்கில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். கணக்கில் வராத வேலையை ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் செய் என்று பிள்ளைகளிடம் சொல்வது நியாயம் இல்லை.

---

பிளாஸ்டர்_வாசம்

முழுக்கச் சம்மதம். எங்கள் துறையில் அடுத்த மாதம் முதல் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். யார் பிளான் போட்டது, எந்த எண் மாறியது, ஏன் மாறியது என்று மூன்று கட்டம்.

---

மூன்றாமாண்டு_பிஜி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். தம்பி சொன்னபடி ஸ்லைசரில் ஒரு கேஸ் முழுசாக நானே போட்டேன். கீழ்த்தாடை இடப்பக்கம் தள்ளிய நோயாளி, இரட்டைத் தாடை. மேடம் சொன்னபடி கடியை நானே ஆர்த்தோ கிளினிக்கில் எடுத்தேன், மூன்று முறை எடுத்தும் மூன்றும் ஒத்துவரவில்லை, நான்காவதும் ஐந்தாவதும் ஒத்துவந்தன. தாளில் எண்களை எழுதிக் கையெழுத்துப் போட்டு சாரிடம் கொடுத்துவிட்டு மீட்டிங்கில் உட்கார்ந்தேன்.

இரண்டு இடத்தில் வேறுபாடு. கேன்ட் நான் 2 மி.மீ. என்று எழுதியிருந்தேன், அவர்கள் 3 போட்டிருந்தார்கள். நோயாளியை மறுபடி கூப்பிட்டு அளந்தால் 3தான் சரி, நான் தலையை நேராக வைக்கவில்லை. இன்னொன்றில் நான் சரியாக இருந்தேன். கீழ்த்தாடையைத் திருப்பும்போது ஒரு பக்கம் பின்துண்டு (குமிழ் உள்ள துண்டு) பல் உள்ள முன்துண்டோடு முட்டுகிறது, அங்கே எலும்பைச் சீவாவிட்டால் பின்துண்டு வெளியே விரிந்து குமிழும் திரும்பும் என்று எழுதியிருந்தேன். மீட்டிங்கில் அதை யாரும் சொல்லவில்லை. நான் கேட்டதும் என்ஜினியர் மாதிரியைத் திருப்பிக் காட்டினார், முட்டியது.

ஓ.டி.யில் சார் அந்த இடம் வந்ததும் நின்று என்னைப் பார்த்தார். எவ்வளவு சீவ வேண்டும் என்று சொன்னேன். எலும்பு சீவும் பர்ரை என் கையில் கொடுத்தார்.

உளி_சத்தம் சார், அந்த பஸ்ஸர் சர்க்யூட்டின் படம் ஒன்று போட முடியுமா? தாமிரக் கம்பி எத்தனை கேஜ் என்றும் சொல்லுங்கள். சனிக்கிழமைக்குத் தாடை அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன், ஆட்டுத் தலைக்கும் கடையில் சொல்லி வைத்துவிட்டேன்.